கேள்வி கேட்பவர்களைச் சமாளிக்கும் விதம்: சீ.ஐ.ஏ.யும் அமெரிக்கக் காங்கிரசும்

உளவுத்துறை என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர்களின் மனதில் வருவது ஒரே காட்சிதான். இலக்கத்தகடு இல்லாத வாகனம், சீருடை இல்லாத ஆட்கள், பெயர் சொல்லாமல் கேட்கப்படும் கேள்விகள். கேட்பது அவர்கள், பதில் சொல்வது நாம். அவர்களை யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்று நாம் கனவிலும் நினைத்ததில்லை. கனடாவுக்கு வந்த பின்பும், அகதிக் கோரிக்கையோடு சேர்த்துப் பாதுகாப்புச் சோதனை என்று ஒன்று நடக்கும்போது அந்தப் பழைய பயம்தான் எட்டிப் பார்க்கிறது. புதிதாக வந்த குடும்பங்கள் பல இதைப்பற்றி எம்மிடம் கேட்பதுண்டு. "இவர்களுக்கு மேலே ஆர் இருக்கினம்?" என்பதுதான் அநேகமாக முதற் கேள்வி.

நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் மேலே இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் மேலே இருப்பது ஒன்று, அங்கிருந்து கீழே நடப்பதைக் காண்பது வேறொன்று. கேள்வி கேட்க வரும் உறுப்பினர்களை உளவுத்துறை எப்படி வரவேற்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்த்தால்தான் உண்மை நிலை விளங்கும். இதற்குப் பக்கத்து நாடான அமெரிக்காவையே எடுத்துக்கொள்கிறோம். சீ.ஐ.ஏ.யின் கதைதான் எல்லாவற்றிலும் அதிகமாக வெளியே வந்திருக்கிறது. பள்ளிப்படிப்பை இடையில் விட்டுத் தொழிற்சாலைக்குப் போன எம் போன்றவர்களுக்கும் விளங்காத விடயம் அல்ல இது. சொல்லப்போனால் எமக்குத்தான் இது விரைவாக விளங்கும். ஏனென்று பிறகு சொல்கிறோம்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே காங்கிரஸ் என்று சொல்வது இந்தியாவின் காங்கிரஸ் கட்சியும் அல்ல, ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசும் அல்ல. அமெரிக்காவின் பாராளுமன்றத்துக்கே அந்தப் பெயர். அதில் செனட் சபை, பிரதிநிதிகள் சபை என்று இரண்டு உண்டு. நாட்டின் பணப்பெட்டியின் திறப்பு அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே எந்தத் திணைக்களமும் அவர்களிடம் போய்க் கை நீட்டித்தான் ஆகவேண்டும்.

சீ.ஐ.ஏ. 1947இல் ஜனாதிபதி ட்ரூமன் காலத்தில் உருவானது. 1949இல் வந்த இன்னொரு சட்டம் அதற்கு மற்றத் திணைக்களங்களுக்கு இல்லாத சலுகைகளைக் கொடுத்தது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களின் பெயர் என்ன, சம்பளம் எவ்வளவு என்று வெளியே சொல்லத் தேவையில்லை. மற்றத் திணைக்களங்களின் கணக்குகளுக்குள் தன் பணத்தை மறைத்து வைத்துக்கொள்ளலாம். அதே சட்டத்தில் எம்மவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு பிரிவும் உண்டு. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று சீ.ஐ.ஏ.யின் தலைவரும், சட்டமா அதிபரும், குடிவரவு அதிகாரியும் சேர்ந்து தீர்மானித்தால், வருடத்துக்கு 100 பேர் வரை குடிவரவுச் சட்டத்தின் தடைகள் எதையும் பார்க்காமல் நிரந்தர வதிவிடம் கொடுத்து நாட்டுக்குள் எடுக்கலாம். நாமோ கோப்பு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி ஒரு சட்டத்தைப் போட்ட காங்கிரஸ், அதன் பிறகு 25 வருடங்கள் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இராணுவ விவகாரக் குழுவிலும் நிதிக் குழுவிலும் இருந்த சில மூத்த உறுப்பினர்கள் மட்டும் சீ.ஐ.ஏ. தலைவரோடு அவ்வப்போது கதைத்துக்கொள்வார்கள். குறிப்பெடுப்பதும் குறைவு, கூடுவதும் குறைவு. ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த செனட்டர் றிச்சர்ட் ரசல் இந்தப் பெரியவர்களில் முக்கியமானவர். அவருக்குத் தெரிந்தால் போதும் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

1956இல் மைக் மான்ஸ்பீல்ட் என்ற செனட்டர், சீ.ஐ.ஏ.யைக் கண்காணிக்க இரு சபைகளுக்கும் பொதுவான ஒரு குழு வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தார். அது 27க்கு 59 என்ற வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. அந்த விவாதத்தில் மசச்சூசெட்ஸ் செனட்டர் சோல்ரன்ஸ்ரோல் சொன்னதுதான் விசேஷம். சீ.ஐ.ஏ. அதிகாரிகள் எதையும் சொல்ல மறுப்பதில்லை, தனக்குத்தான் சில விடயங்களைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்ற கருத்தில் அவர் பேசினார். காவல்காரனே கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உள்ளே போகிறவர் கதவை உடைக்க வேண்டுமா?

இது எமக்கு ஏன் விரைவாக விளங்கும் என்று சொன்னோம் அல்லவா? தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் பாதுகாப்புப் பரிசோதகர் வரும் நாளைப் பார்த்திருப்பார்கள். முதல் நாளே நிலம் கூட்டப்படும். நாள்தோறும் கழற்றி வைத்திருக்கும் இயந்திரக் காப்பு அன்றைக்கு மாட்டப்படும். மேற்பார்வையாளர் பரிசோதகரைச் சுத்தமான பக்கத்தால் கூட்டிக்கொண்டு போவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி எமக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். யாரும் பொய் சொல்லமாட்டார்கள். பரிசோதகர் திருப்தியோடு கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். வாஷிங்ரனில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் பரிசோதகர் வாசலைத் தாண்டியதே இல்லை.

1975: கதவு திறந்த வருடம்

1974 டிசம்பர் 22இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் செய்மூர் ஹேர்ஷ் என்ற செய்தியாளர் ஒரு செய்தி வெளியிட்டார். வெளிநாடுகளில் மட்டும் வேலை செய்யவேண்டிய சீ.ஐ.ஏ., வியட்நாம் போரை எதிர்த்த அமெரிக்க மக்களையே வேவு பார்த்தது என்பதே அந்தச் செய்தி. வோட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி இழந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். 1975 ஜனவரியில் செனட் சபை 4க்கு 82 வாக்குகளால் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் ஐடஹோ மாநிலச் செனட்டர் பிராங் சேர்ச்.

இந்தக் குழு வெளியே கொண்டுவந்தவற்றை எழுதப் பக்கம் போதாது. கியூபாவின் கஸ்ட்ரோவைக் கொல்லப் போட்ட திட்டங்கள், கொங்கோவின் லுமும்பாவுக்கென அனுப்பப்பட்ட நஞ்சு, பொதுமக்களின் கடிதங்களை இரகசியமாகப் பிரித்துப் படித்தது என்று நீண்டுகொண்டே போனது. நஞ்சூசி எய்யும் துப்பாக்கி ஒன்றைச் சேர்ச் கையில் தூக்கிக் காட்டிய படம் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தது.

அப்போது சீ.ஐ.ஏ. தலைவராக இருந்த வில்லியம் கொல்பி ஒரு வித்தியாசமான மனிதர். கேட்டதைக் கொடுத்துவிட்டால்தான் நிறுவனம் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. ஆகவே பழைய குற்றங்கள் பட்டியலிடப்பட்ட கோப்பையே விசாரணையாளர்களிடம் கொடுத்தார். சீ.ஐ.ஏ.க்குள்ளேயே பலர் அவரைத் துரோகி என்றார்கள். 1975 நவம்பரில் ஜனாதிபதி போர்ட் அவரைப் பதவியிலிருந்து எடுப்பதாக அறிவித்தார். சட்டம் சொன்னபடி பதில் சொன்னவருக்குக் கிடைத்த பரிசு அது.

அதற்கு நேர்மாறானவர் முன்னாள் தலைவர் றிச்சர்ட் ஹெல்ம்ஸ். 1973 பெப்ரவரியில் செனட் குழு ஒன்றின் முன் சத்தியம் செய்து அமர்ந்திருந்தபோது, சிலி நாட்டின் அரசாங்கத்தைக் கவிழ்க்க சீ.ஐ.ஏ. முயன்றதா என்று செனட்டர் சைமிங்ரன் அவரைக் கேட்டார். இல்லை ஐயா என்றார் ஹெல்ம்ஸ். அலெண்டேயின் எதிரிகளுக்குப் பணம் போனதா என்றும் கேட்டார்கள். அதற்கும் இல்லை ஐயா. உண்மையில் அலெண்டே ஆட்சிக்கு வராமல் தடுக்கும்படி 1970 செப்ரெம்பரில் நிக்சன் நேரடியாகக் கட்டளையிட்டபோது குறிப்பெடுத்துக்கொண்டு நின்றவரே இந்த ஹெல்ம்ஸ்தான்.

1977இல் வழக்கு வந்தது. காங்கிரசுக்கு முழுமையாகவும் சரியாகவும் சாட்சி சொல்லவில்லை என்ற சிறு குற்றத்துக்கு மட்டும், எதிர்த்து வாதாடாமல் அவர் உடன்பட்டார். 2,000 டொலர் அபராதமும் ஒத்திவைக்கப்பட்ட இரண்டு வருடச் சிறையும் தீர்ப்பு. நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்த அவர் ஓய்வுபெற்ற சீ.ஐ.ஏ. அதிகாரிகளின் விருந்து ஒன்றுக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டி, அந்த அபராதப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரகசியத்தைக் காப்பேன் என்று ஒரு சத்தியம், உண்மை சொல்வேன் என்று இன்னொரு சத்தியம், இரண்டுக்கும் இடையில் அகப்பட்டேன் என்பது ஹெல்ம்ஸின் நியாயம். சத்தியம் இரண்டாக இருக்கலாம். ஆனால் சம்பளம் கொடுத்தது யார் என்பதில் சந்தேகம் இல்லை.

அறையும் எட்டுப் பேரும்

விசாரணைகளின் பயனாக 1976இல் செனட்டிலும் 1977இல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தரப் புலனாய்வுக் குழுக்கள் வந்தன. இரகசிய நடவடிக்கை எதுவானாலும் ஜனாதிபதி அதற்குப் பொறுப்பெடுக்கவேண்டும், காங்கிரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1974இலேயே சட்டமாகியிருந்தது. இந்தக் குழுக்களை முழுமையாகவும் உடனுக்குடனும் அறியச் செய்யவேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறை எப்படி? செனட் குழு கூடுவது ஹார்ட் கட்டடத்தில் 219ஆம் இலக்க அறையில். ஒட்டுக்கேட்க முடியாதபடி கட்டப்பட்ட அறை. வாசலில் காவல். தொலைபேசி உள்ளே போகாது, எடுத்த குறிப்பு வெளியே வராது. உள்ளே கேட்டதை மனைவிக்கும் சொல்லமுடியாது, வாக்காளருக்கும் சொல்லமுடியாது. காங்கிரசோடு தொடர்பு வைப்பதற்கென்றே சீ.ஐ.ஏ.யில் தனி அலுவலகம் உண்டு. எந்த உறுப்பினர் எதைக் கேட்டார், யார் போய் விளக்கம் சொல்வது, என்ன திகதியில் என்ன சொல்லப்பட்டது என்று பதிந்து வைப்பது அவர்கள் வேலை. ஒரு உறுப்பினருக்கு ஆயிரம் அலுவல்கள். தொகுதி, தேர்தல், திருமணவீடு, மரணவீடு. அந்த அலுவலகத்துக்கு ஒரே அலுவல், அந்த உறுப்பினர்.

இதிலும் மிக இரகசியமானது என்று ஜனாதிபதி கருதினால், குழு முழுவதற்கும் சொல்லாமல் எட்டுப் பேருக்கு மட்டும் சொல்லலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு குழுக்களிலும் இரு கட்சிகளின் முதன்மையானவர்கள் நான்கு பேர், இரண்டு சபைகளினதும் கட்சித் தலைவர்கள் நான்கு பேர். இந்த எட்டுப் பேரும் அநேகமாகத் தங்கள் உதவியாளரையோ சட்டத்தரணியையோ கூடக் கூட்டிக்கொண்டு போகமுடியாது. 2003 யூலையில் செனட்டர் ஜே றொக்பெல்லருக்கு இப்படி ஒரு விளக்கம் கொடுக்கப்பட்டது. அது சீ.ஐ.ஏ. அல்ல, தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் இன்னொரு நிறுவனத்தின் விடயம். அவர் உப ஜனாதிபதி செய்னிக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். தான் தொழில்நுட்பவியலாளரும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல, யாரிடமும் கேட்கவும் முடியாது, ஆகவே இதைச் சரி என்று ஏற்கமுடியவில்லை என்பதே அதன் சாரம். தட்டச்சு செய்ய ஒருவரைக் கூப்பிடவும் முடியாத இரகசியம். கடிதத்தின் பிரதியை மூடிய உறையில் இட்டுச் செனட் குழுவின் பாதுகாப்பான இடத்தில் வைத்தார். செய்தி வெளியே வந்த பிறகுதான், 2005 டிசம்பரில், அதை எடுத்துக் காட்டினார். தெரிந்து வைத்திருந்தார், ஆனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிற்பாடு அரசாங்கம் சொன்னது என்ன தெரியுமா? காங்கிரசுக்குத் தெரியப்படுத்தினோம் என்று.

ஒரே ஒரு வசனம்

சமாளிப்பதில் கைதேர்ந்தவர் என்றால் றீகன் காலத்துத் தலைவர் வில்லியம் கேசிதான். வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பேசுவார். ஒட்டுக்கேட்டாலும் விளங்காது, ஆகவே இரகசியத் தொலைபேசி தேவையில்லாத முதல் உளவுத் தலைவர் இவர்தான் என்று வாஷிங்ரனில் பகிடி விடுவார்களாம். காங்கிரஸ் உறுப்பினர்களின் கேள்விகளை அவர் ஒரு தொல்லையாகவே நினைத்தார்.

1984இன் தொடக்கத்தில் நிக்கரகுவா நாட்டின் துறைமுகங்களில் சீ.ஐ.ஏ. கண்ணிவெடிகளை மிதக்கவிட்டது. மற்ற நாடுகளின் வணிகக் கப்பல்களும் சேதமடைந்தன. சோவியத் எண்ணெய்க் கப்பலும் அதில் ஒன்று. ஏப்ரலில் வோல் ஸ்றீட் ஜேர்னல் பத்திரிகை இதில் சீ.ஐ.ஏ.யின் நேரடிப் பங்கை வெளியிட்டது. செனட் குழுத் தலைவர் பரி கோல்ட்வோட்டருக்குத் தலை சுற்றியது. அவர் றீகனின் கட்சி, சீ.ஐ.ஏ.க்கு எப்போதும் குடைபிடித்தவர். தனக்கே தெரியாமல் இது எப்படி நடந்தது என்று, அச்சில் ஏற்றக் கூச்சப்படும் ஒரு சொல்லையும் போட்டுக் கேசிக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். அதுவும் பத்திரிகைகளில் வந்தது.

கேசியின் பதில், நான் சொன்னேனே என்பதுதான். தேடிப் பார்த்தால் உண்மைதான். மார்ச் மாதம் நடந்த ஒரு நீண்ட விளக்கத்தில், வேறு விடயங்களின் நடுவே, துறைமுகங்களில் கண்ணிவெடி போடப்பட்டது பற்றி ஒரே ஒரு வசனம் இருந்தது. அதில் போட்டவர் யார் என்பது துலங்காது. அந்த வாயின் முணுமுணுப்பில் அந்த வசனம் யாருடைய காதில் விழுந்திருக்கும்?

செனட் சபை 12க்கு 84 வாக்குகளால் கண்ணிவெடி வைத்ததைக் கண்டித்தது. குழுவின் துணைத்தலைவர் டானியல் மொய்னிகன் பதவி விலகுவதாக அறிவித்தார். கேசி வந்து மன்னிப்புக் கேட்ட பின்புதான் அதைத் திரும்பப் பெற்றார். சில மாதங்களில் காங்கிரஸ் நிக்கரகுவாக் கிளர்ச்சியாளருக்கான பணத்தையே நிறுத்தியது. பணப்பெட்டியின் திறப்பு என்று முன்பு சொன்னோமே, அது உண்மையாகத் திருப்பப்பட்டது அப்போதுதான். ஆனால் திருப்பிய பிறகும் வேறு வழியால் பணம் போனது. ஈரானுக்கு ஆயுதம் விற்று அந்தப் பணத்தைக் கிளர்ச்சியாளருக்குத் திருப்பிய விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தது. ஜனாதிபதி கையெழுத்திட்ட பத்திரத்திலேயே காங்கிரசுக்குத் தெரிவிக்கவேண்டாம் என்று எழுதப்பட்டிருந்தது. கேசி செனட் குழு முன் தோன்றவிருந்ததற்கு முதல் நாள் மூளை நோயால் விழுந்தார். 1987 மே மாதம் இறந்துபோனார். காங்கிரசுக்குப் பொய் சொன்னதற்காகக் குற்றவாளியாகக் காணப்பட்ட சீ.ஐ.ஏ. உயரதிகாரி கிளெயர் ஜோர்ஜுக்கு 1992 நத்தாருக்கு முதல் நாள் ஜனாதிபதி புஷ் மன்னிப்பு வழங்கினார்.

வதை அறிக்கை

இனிச் சொல்லப்போவது எம்மவர்கள் பலருக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். உடம்பில் தழும்போடு வந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2001 செப்ரெம்பர் தாக்குதலுக்குப் பிறகு சீ.ஐ.ஏ. பிடித்தவர்களை வெளிநாடுகளில் இரகசியச் சிறைகளில் வைத்து வதைத்தது. முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத்திணற வைத்தார்கள். ஒருவருக்கு 83 தடவை, இன்னொருவருக்கு 183 தடவை. நாள்கணக்கில் நித்திரை கொள்ள விடாமல் நிற்கவைத்தார்கள். 2002 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் வெறும் நிலத்தில் சங்கிலியிடப்பட்டிருந்த ஒரு கைதி இறந்துபோனார். குளிர்தான் காரணமாக இருக்கலாம் என்கிறது அறிக்கை.

காங்கிரசுக்கு எப்போது தெரியும்? அந்த முறைகள் பாவிக்கப்பட்ட பிறகு, 2002 செப்ரெம்பரில், குழுக்களின் தலைவர்களுக்கு மட்டும் விளக்கம் கொடுக்கப்பட்டது. செனட் குழுவின் மற்ற உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது 2006 செப்ரெம்பர் 6ஆம் திகதி. அதே நாளில்தான் ஜனாதிபதி புஷ் தொலைக்காட்சியில் உலகத்துக்கே சொன்னார்.

இங்கே ஒரு சுவையான சங்கதி. 2009இல் சீ.ஐ.ஏ., யாருக்கு எந்தத் திகதியில் விளக்கம் சொன்னோம் என்று ஒரு பட்டியல் கொடுத்தது. முன்னாள் குழுத்தலைவர் பொப் கிரகாமுக்கு நான்கு தடவை சொன்னதாக அவருக்குத் தெரிவித்தார்கள். கிரகாம் ஒரு விசித்திரப் பழக்கம் உள்ளவர். காலையில் எழும்பியது முதல் படுக்கும்வரை என்ன செய்தார், என்ன சாப்பிட்டார் என்பதையெல்லாம் சின்னக் கொப்பியில் எழுதிவைப்பார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் பலர். கொப்பிகளை எடுத்துப் பார்த்தார். நான்கில் மூன்று திகதிகளில் எந்தக் கூட்டமும் இல்லை. சீ.ஐ.ஏ.யும் அதை ஒப்புக்கொண்டது. குடிவரவு அலுவலகத்துக்குப் போனால் யாரோடு எத்தனை மணிக்குக் கதைத்தோம் என்று குறித்து வையுங்கள் என்று நாம் சொல்லும்போது சிரிப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பவும் வாசிக்கலாம்.

விசாரணைக் காட்சிகளின் ஒளிநாடாக்கள் 92 இருந்தன. 2005இல் சீ.ஐ.ஏ. அவற்றை அழித்தது. அது 2007இல் பத்திரிகையில் வந்தபோது செனட் குழு விழித்துக்கொண்டது. 2009 மார்ச்சில் 1க்கு 14 வாக்குகளால் முழு விசாரணை தொடங்கியது. தலைவர் கலிபோர்னியாச் செனட்டர் டயான் பைன்ஸ்டைன் அம்மையார்.

ஆவணங்களைத் தன் இடத்தை விட்டு வெளியே கொடுக்க சீ.ஐ.ஏ. சம்மதிக்கவில்லை. வேர்ஜீனியாவில் ஒரு கட்டடத்தை ஒதுக்கி, அங்கே கணனிகளை வைத்து, வந்து பாருங்கள் என்றது. ஒழுங்காக அடுக்காமல், அட்டவணை இல்லாமல், 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். ஒன்றும் கொடுக்காமல் விடுவது ஒரு முறை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தேடு என்பது இன்னொரு முறை. செனட் ஊழியர்கள் சிலர் வருடக்கணக்கில் அந்த அறையில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். 2010இல் ஏற்கெனவே கொடுத்த ஆவணங்களில் 900க்கு மேற்பட்ட பக்கங்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமற்போயின. கேட்டபோதுதான் சீ.ஐ.ஏ. அதைத் தான் எடுத்ததாக ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

பிறகு நடந்தது இன்னும் மோசம். சீ.ஐ.ஏ. தனக்காகத் தானே எழுதிவைத்த ஓர் உள் ஆய்வு அந்தக் குவியலில் இருந்தது. வெளியே செனட்டுக்கு மறுத்த பல விடயங்களை அந்த ஆய்வு ஒத்துக்கொண்டிருந்தது. ஊழியர்கள் அதன் ஒரு பகுதியை எடுத்துப்போய் செனட் கட்டடத்தில் பூட்டிவைத்தார்கள். இது எப்படி இவர்கள் கையில் கிடைத்தது என்று அறிய, செனட் ஊழியர்களின் கணனிப் பகுதிக்குள்ளேயே சீ.ஐ.ஏ. புகுந்து தேடியது. அதோடு நிற்காமல், செனட் ஊழியர்கள் குற்றம் செய்தார்கள் என்று நீதித் திணைக்களத்திலும் முறையிட்டது. அந்த முறைப்பாட்டைக் கொடுத்த சட்ட அதிகாரியின் பெயர் செனட் அறிக்கையில் 1,600 தடவைக்கு மேல் வருகிறது என்று பைன்ஸ்டைன் சபையில் சொன்னார். அது 2014 மார்ச் 11ஆம் திகதி. சீ.ஐ.ஏ.யை வழக்கமாக ஆதரித்து வந்த அந்த 80 வயது அம்மையார் எழுந்து நின்று முக்கால் மணி நேரம் வரை பேசினார். இது அரசியல் சட்டத்துக்கே விரோதமாக இருக்கக்கூடும் என்றார்.

அதே நாள் சீ.ஐ.ஏ. தலைவர் ஜோன் பிரெனன், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று மறுத்தார். யூலையில் சீ.ஐ.ஏ.யின் சொந்தக் கணக்காய்வு அதிகாரியே, ஐந்து ஊழியர்கள் முறைகேடாகச் செனட் கணனிப் பகுதிக்குள் புகுந்தது உண்மை என்று எழுதினார். பிரெனன் மன்னிப்புக் கேட்டார். யாரும் வழக்குக்கு முகம்கொடுக்கவில்லை.

2014 டிசம்பர் 9இல் அறிக்கையின் சுருக்கம் வெளிவந்தது. சுருக்கமே 500 பக்கமளவில். 6,700 பக்கங்களுக்கு மேற்பட்ட முழு அறிக்கை இன்னும் இரகசியம்தான். வதையால் பயனுள்ள தகவல் கிடைக்கவில்லை, காங்கிரசுக்குப் பிழையான தகவல் கொடுக்கப்பட்டது என்பது அதன் முடிவு. சீ.ஐ.ஏ.யும் குழுவில் இருந்த குடியரசுக் கட்சியினர் பலரும் இதை ஏற்கவில்லை. ஆனால் அடுத்த வருடம், இராணுவக் கையேட்டில் உள்ள முறைகளைத் தவிர வேறெதையும் விசாரணையில் பாவிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. செனட்டில் 21க்கு 78 வாக்குகள். அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜோன் மக்கெய்ன் வியட்நாமில் கைதியாக வதைபட்டவர். எம்மைக் கேட்டால், இந்தக் கதை முழுவதிலும் பாராளுமன்றம் பாராளுமன்றமாக நடந்துகொண்ட இடம் இதுதான்.

எமது பக்கம்

கனடாவில் 1970களில் புலனாய்வு வேலையையும் பொலிசாரே பார்த்தார்கள். கியூபெக்கில் ஒரு கூட்டம் நடக்காமல் தடுக்க மாட்டுக்கொட்டகை ஒன்றைக் கொளுத்தியது, ஓர் அரசியற் கட்சியின் அங்கத்தவர் பட்டியலைக் களவாக எடுத்தது போன்றவை வெளியே வந்து விசாரணைக் குழு வைக்கப்பட்டது. அதன் பயனாக 1984இல் பொலிசிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டதுதான் சீசிஸ் எனப்படும் பாதுகாப்புப் புலனாய்வுச் சேவை. எமது பாதுகாப்புச் சோதனையில் பங்கெடுப்பது இவர்கள்தான். இவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை.

பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு இரகசியங்களைப் பார்க்கும் குழு கனடாவில் மிகவும் பிந்தித்தான் வந்தது, 2017இல். அதிலும் உறுப்பினர்கள் நியமிக்கப்படுவது பிரதமரின் பரிந்துரையின்படிதான். அறிக்கையில் பாதுகாப்புக்குப் பாதகமானவை என்று கருதுவதை நீக்கச் சொல்லவும் அவரால் முடியும். குழு இருப்பது நல்லது. ஆனால் வாஷிங்ரன் கதையை வாசித்தவர்கள் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதைவிட எமக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது 2019இல் அமைக்கப்பட்ட சுயாதீன மீளாய்வு முகவரகம். சீசிஸின் எந்த நடவடிக்கை பற்றியும் அங்கே முறையிடலாம். குடிவரவுச் சோதனையில் ஏற்படும் நீண்ட தாமதமும் இதில் அடங்கும். ஆனால் முதலில் சீசிஸின் பணிப்பாளருக்கு எழுத்தில் முறையிடவேண்டும். நியாயமான காலத்துக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், முகவரகத்துக்கு எழுதலாம். அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் திகதியையும் வைத்திருங்கள். உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். யார் முறையிடலாம் என்று சொல்லும் இடத்தில் சட்டம் பிரசை என்று எழுதவில்லை. எந்த நபரும் என்றே எழுதியிருக்கிறது.